சோடாப் போத்தலில் களைகொல்லி: அடிக்கலாமா?

தம்பலகாமம்_வயல்:
வணக்கம். எங்களுக்குத் தம்பலகாமத்தில் மூன்று ஏக்கர் வயல், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். முந்தநாள் அப்பா களைக்கு அடிக்கவென்று மருந்து வாங்கி வந்தார், ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தலில், மூடியைச் சுற்றி ஒரு துண்டுப் பொலித்தீன். லேபிளே இல்லை. கேட்டால், பெரிய கானிலிருந்து ஊற்றித் தந்தவன், விலையும் குறைவு என்கிறார். வைத்திருப்பது குசினி ராக்கையில், தேங்காயெண்ணெய்க்குப் பக்கத்தில். அக்காவின் மகனுக்கு நாலு வயது. இப்படி விற்க அரசாங்கம் விடுகிறதா?

வரம்போரம்:
தம்பி, முதலில் அந்தப் போத்தலைக் குசினியை விட்டு எடுத்து வெளியே பூட்டி வையுங்கள், மிச்சத்தைப் பிறகு பேசலாம். விடுவதில்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது, பீடைகொல்லிப் பதிவாளர் பதிவு செய்யாத மருந்தை விற்கக் கூடாது, லேபிள் இல்லாமலும் விற்கக் கூடாது. லேபிளின் அடியில் உள்ள நிறப்பட்டைதான் நஞ்சின் கடுமையைச் சொல்லும், சிவப்பு என்றால் மிகக் கடுமை, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. தவறுதலாக யாராவது குடித்தால் வைத்தியர் முதலில் கேட்பது என்ன மருந்து என்றுதான். சோடாப் போத்தலைக் காட்டி என்ன பதில் சொல்வது?

மூதூர்க் கமக்காரன்:
சட்டம் சரி, ஆனால் லேபிள் இல்லாத போத்தல் ஏன் வருகிறது என்றும் பாருங்கள். 2015இல் கிளைபோசேட் என்ற களைகொல்லியைத் தடுத்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள், வயல்காரன் கையால் களை பிடுங்கினான். 2021இல் இரசாயனப் பசளை, மருந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்தப் போகம் நான் பட்ட கடன் இன்னும் முடியவில்லை. கள்ளமாக வந்ததைத்தான் ஆட்கள் வாங்கினார்கள்.

முன்னாள்_தாதி:
அண்ணா, 2021 பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை, ஆனால் எல்லாத் தடையும் ஒன்றில்லை. நான் தொண்ணூறுகளில் வார்டில் நின்றவள். கோபத்திலோ கவலையிலோ ஒரு நிமிடம் தடுமாறிக் கைக்கு எட்டியதைக் குடித்த பிள்ளைகள் அடுத்த நாள் காலையில், நான் வீட்டுக்குப் போகலாமா மிஸ் என்று கேட்டு, அந்தக் கிழமை முடியுமுன் மூச்செடுக்க முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன், பராகுவாட் என்ற களைகொல்லி என்றால் நஞ்சை முறிக்க மருந்தே இல்லை. 1995இல் நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் அளவில் தற்கொலையால் இறந்தார்கள். அந்த ஆண்டோடு மிகக் கடும் நஞ்சு வகைகள் நிறுத்தப்பட்டன, 1998இல் எண்டோசல்பான் என்ற பூச்சிகொல்லி, 2008இலிருந்து பராகுவாட்டும் படிப்படியாக. 1995இலிருந்து பத்து வருடத்தில் அந்தத் தற்கொலை எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது, நெல் விளைச்சலும் விழவில்லை. பதிலுக்கு அடிக்க வேறு பீடைகொல்லி கடையில் இருக்கும்போதே ஆகக் கொடியதை ஒவ்வொன்றாக எடுத்தார்கள், அதுதான் வித்தியாசம்.

வரம்போரம்:
தம்பி, 1920க்கு அழைத்துக் கேளுங்கள், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவை, தமிழிலும் பேசலாம். கமநல சேவை நிலையத்திலும் சொல்லுங்கள். வாய்க்காலில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கீழ் வயல்காரன் அந்தத் தண்ணீரில்தான் கால் கழுவுகிறான்.

தம்பலகாமம்_வயல்:
எல்லாருக்கும் நன்றி. முன்னாள் தாதி அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை, தானே எழும்பிப் போய்ப் போத்தலை எடுத்தார். இப்போது பின்வளவுக் கொட்டிலில் பூட்டியிருக்கிறது, நாளைக் காலை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டப் போகிறோம். ராக்கைப் பலகையில் போத்தல் அடியளவுக்கு வட்டமாக ஒரு கறை, அம்மா இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை, பலகையையே கழற்றச் சொல்கிறா.