புரொப்பல்லர் ஷாஃப்ட் கீவே மூலையிலேயே முறிகிறது: வெட்டும் முறையில் எதை மாற்றுவது?

கேள்வி (நாகப்பட்டினம்)
விசைப்படகு. 120 குதிரைத்திறன் எஞ்சின், 1800 ஆர்.பி.எம்., கியர்பாக்ஸ் 3:1. ஷாஃப்ட் 50 மி.மீ. எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகு), டேப்பர் (கூம்புபோலக் குறுகும் முனை) 1:12, கீ (புரொப்பல்லரை ஷாஃப்டோடு பூட்டும் கட்டை) 14 × 9 மி.மீ. அது உட்காரும் பள்ளம்தான் கீவே. புதுசாகப் போட்ட ஷாஃப்டும் பழையது முறிந்த இடத்திலேயே போய்விட்டது. டேப்பரின் பெரிய முனையில், கீவே முடியும் மூலையில் விரிசல் பிடித்து, 45 டிகிரி சாய்வாகச் சுற்றி முறிந்திருக்கிறது. கீவே எண்ட் மில்லில் (நுனியால் வெட்டும் கட்டர்) வெட்டியது. 55 மி.மீ. போட்டால் நிற்குமா?

பதில் 1
அளவை மாற்றாதீங்க அண்ணே. கணக்குப் பாருங்க: கியர்பாக்ஸ் தாண்டி வரும் 600 ஆர்.பி.எம்.மில் உங்கள் ஷாஃப்டுக்கு வரும் முறுக்கு சுமார் 1,420 நியூட்டன் மீட்டர். 50 மி.மீ. உருளையில் அது 58 மெகாபாஸ்கல்தான், ஷாஃப்ட் தாராளமாகத் தாங்கும். கீவே மூலையில் 1 மி.மீ. ரேடியஸ் இருந்தாலே அந்த இடத்தில் தகைவு (உலோகத்துக்குள் விழும் அழுத்தம்) ஏறக்குறைய 3 மடங்காகிறது. கூர் மூலை என்றால் இன்னும் அதிகம். 45 டிகிரி சாய்வு முறுக்குச் சோர்வின் (திரும்பத் திரும்ப முறுக்குப்பட்டு விரிசல் விடுவது) அடையாளம். வளைவால் போயிருந்தால் குறுக்கே தட்டையாக முறிந்திருக்கும். ஷாஃப்டைப் பெரிதாக்கிவிட்டு அதே கூர் மூலையை வெட்டினால் நோய் அப்படியே இருக்கும்.

மாற்ற வேண்டியது மூன்று. அடி மூலை ரேடியஸ் விட்டத்தில் 0.0125 பங்குக்குக் குறையக் கூடாது, 50க்கு 0.63 வருகிறது, 1 மி.மீ.யே வைங்க. கீவேயின் முன் நுனி டேப்பரின் பெரிய முனையைத் தொடக் கூடாது, விட்டத்தில் 0.2 பங்கு, அதாவது 10 மி.மீ. முன்னதாகவே முடியணும். அந்த நுனி சுவர் மாதிரி செங்குத்தாக நிற்காமல் கரண்டிபோல மெல்ல ஏறி மேற்பரப்பில் கலக்கணும். பல் மூலையில் 1 மி.மீ. ரேடியஸ் தீட்டிய 100 மி.மீ. சைடு கட்டரில் (சக்கரம்போலச் சுற்றும் கட்டர்) வெட்டினால் 5.5 ஆழத்துக்கு 23 மி.மீ. நீளத்தில் தானாக ஏறிவிடும்.

கேள்வி கேட்டவர்
இங்கே பட்டறையில் வெர்ட்டிகல் மில்லிங் மட்டும்தான் சார்.

பதில் 1
அதிலும் முடியும். மூலையில் 1 மி.மீ. ரேடியஸ் உள்ள எண்ட் மில் வாங்குங்க. கீவே அடி டேப்பரின் மேல்கோட்டுக்கு இணையாக வரணும், அதனால் ஷாஃப்டை 2 டிகிரி 23 நிமிடம் சாய்த்துப் பிடித்து, மேல்கோட்டில் டயல் கேஜ் (நுண்ணிய ஏற்ற இறக்கம் காட்டும் அளவி) ஓட்டிப் பூஜ்யம் வருதா பாருங்க. முன் நுனியின் கடைசி 20–25 மி.மீ.யில் அரை அரை மி.மீ.யாகக் கட்டரைத் தூக்கி வெட்டுங்க. மிஞ்சும் படிகளை டை கிரைண்டரில் கரைத்து, எமரியை நீளவாக்கில் ஓட்டுங்க. மேல் விளிம்புகளையும் கூர் மழுக்கணும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கீ இந்தச் சரிவின்மேல் ஏறக் கூடாது, சம ஆழப் பகுதியோடு அது நிற்கணும். கீயின் அடி விளிம்பில் 1.2 மி.மீ. சேம்பர் (சாய்வெட்டு) போடுங்க. இல்லாவிட்டால் அது ரேடியஸில் ஏறி உட்காரும்.

பதில் 2
வெட்டு சரியாக இருந்தும் முறிகிற ஷாஃப்ட்கள் உண்டு, காரணம் பொருத்தம். முறுக்கைப் பெரும்பாலும் டேப்பரின் பிடிதான் சுமக்கணும், கீ துணைக்குத்தான். கீ இல்லாமல் புளூ (ஒட்டும் இடத்தைக் காட்டும் நீல மை) தடவி புரொப்பல்லரை ஏற்றிப் பாருங்க. 70 சதவீதத்துக்குக் குறையாமல் ஒட்டணும், பெரிய முனைப்பக்கம் கட்டாயம் ஒட்டணும். அந்த நிலையில் ஷாஃப்டில் குறி போடுங்க. பிறகு கீ போட்டு ஏற்றினால் அதே குறிக்கு வரணும். வரவில்லை என்றால் கீயின் தலை பாஸில் (புரொப்பல்லரின் நடுக்குடம்) முட்டுகிறது. தலைக்கு மேல் 0.3 மி.மீ. இடைவெளி வரும்வரை கீயைத் தேய்க்கணும். பக்கவாட்டில் கீ ஷாஃப்டில் லேசாகத் தட்டி இறங்கும் இறுக்கம் வேண்டும். ஆட்டம் இருந்தால் முன்கியர், பின்கியர் மாற்றும்போதெல்லாம் அந்த மூலையில் அடி விழும்.

படகு மிதக்கும்போது கப்ளிங்கையும் (கியர்பாக்ஸும் ஷாஃப்டும் சேரும் இணைப்பு) ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்க. 100 மி.மீ. பிளாஞ்சுக்கு 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது.

கேள்வி கேட்டவர்
அதே பட்டறையில் வெட்டிய இன்னொரு ஷாஃப்ட் அடுத்த படகில் ஓடுகிறது. கீவேயை வெல்டிங்கில் நிரப்பித் திரும்ப வெட்டலாமா?

பதில் 2
வெல்டிங் வேண்டவே வேண்டாம். சூடுபட்ட விளிம்பில் புது விரிசல் பிறக்கும். அடுத்த முறை படகு கரையேறும்போது புரொப்பல்லரைக் கழற்றி, கீவே மூலையைத் துடைத்து, டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்துப் பாருங்க. சிவப்புக் கோடு வந்தால் ஷாஃப்டை மாற்றணும். கோடு இல்லை என்றால் அதே கீவேயில் மூலை ரேடியஸும் நுனிச் சரிவும் எடுத்து, கீயைப் புதிதாகச் செய்து போட்டு ஓட்டலாம்.