என் கணினித் திரைக்கு நானே எழுதிய விட்ஜெட்

விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் கடிகாரம், நாட்காட்டி எனத் திரையோரம் இருந்த கேட்ஜெட்டுகள் பலருக்கும் நினைவிருக்கும். அவற்றின் வழியே தீங்கான நிரல்கள் கணினியில் இயங்க வாய்ப்பிருப்பதாக 2012-இல் எச்சரித்த மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 8-இல் அந்த வசதியையே நீக்கிவிட்டது. யாரோ எழுதியதை அப்படியே நிறுவுவதைவிட நமக்கு வேண்டியதை நாமே எழுதிக்கொள்வது நல்லது என்று முடிவு செய்து, இத்தகைய சிறு திரைக்கருவிகளை (விட்ஜெட்டுகளை) விண்டோஸ் திரையில் காட்டும் ரெயின்மீட்டர் என்ற கட்டணமில்லாத திறமூல மென்பொருளைக் கையிலெடுத்தேன்.

இதில் விட்ஜெட்டை ஸ்கின் என்பார்கள். அது நோட்பேடிலேயே எழுதக்கூடிய ஒரு சாதாரண உரைக்கோப்புதான். அதற்குள் மெஷர், மீட்டர் என்னும் இரண்டு வகைப் பகுதிகள் வரும். மெஷர் தகவலைத் திரட்டுகிறது, மீட்டர் அதைத் திரையில் வரைகிறது. கணினியின் மையச் செயலி (சிபியு) எவ்வளவு உழைக்கிறது என்பதை அளக்கும் ஒரே மெஷரை, ஒரு மீட்டரில் எண்ணாகவும் மற்றொன்றில் நீளும் பட்டையாகவும் காட்டலாம். இந்தப் பிரிவினை பிடிபட்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

கடிகாரம் எளிதாகவே அமைந்தது. கிழமையைத் தமிழில் காட்டுவதற்கு மட்டும் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. தமிழ் எழுத்துகள் உள்ள ஸ்கின் கோப்பை, எழுத்துகளைக் கணினியில் பதியும் முறைகளுள் ஒன்றான யூடிஎஃப்-16 எல்இ குறியேற்றத்தில் சேமிக்க வேண்டும். இன்றைய நோட்பேடு இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் யூடிஎஃப்-8-இலேயே விட்டுவிட்டால், 'திங்கள்' என்பது பொருளற்ற குறிகளாகச் சிதறித் தெரியும். எழுத்துருவுக்கு விண்டோஸுடன் வரும் நிர்மலா யூஐ போதுமானது.

எனக்கு மிகவும் நிறைவளித்தது, பிள்ளைகளுக்காக எழுதிய சொல் விட்ஜெட். உரைக்கோப்பு ஒன்றிலிருந்து ஏதேனும் ஒரு பகுதியை எடுத்துத் தரும் கோட் (Quote) பிளகின் என்ற துணைநிரல் ரெயின்மீட்டருடனேயே கிடைக்கிறது. ஆனால் அது இயல்பில் ஒவ்வொரு வரியையும் தனித்தனிப் பகுதியாகவே கொள்ளும் என்பதால், 'அகழி' என்று முதல் வரியிலும் 'கோட்டையைச் சுற்றி வெட்டிய ஆழமான நீர்நிலை' என்று அடுத்த வரியிலும் எழுதினால், சொல் ஒரு நேரம், பொருள் வேறொரு நேரம் எனத் தொடர்பின்றி வரும். எனவே ஒவ்வொரு சொல்லும் பொருளும் முடிந்த இடத்தில் ஒரு குறியை இட்டு, அதையே பிரிப்பானாகக் குறிப்பிட்டேன். ஸ்கின் 1000 மில்லிவிநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதே வேகத்தில் சொல்லும் மாறினால் படிக்க நேரமிராது. எத்தனை புதுப்பிப்புகளுக்கு ஒருமுறை மெஷர் மாற வேண்டும் என்பதைச் சொல்லும் அப்டேட் டிவைடரை அந்த மெஷருக்கு மட்டும் 3600 என்று வைத்ததால், இப்போது மணிக்கு ஒரு புதிய சொல் வருகிறது.

பிறர் உருவாக்கிய அழகான ஸ்கின்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் சில, நிரல் துணுக்குகளையும் வேறு பிளகின்களையும் சேர்த்தே கொண்டுவருவதால், நிறுவுவதற்கு முன் கோப்பைத் திறந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். மெஷர் எது, மீட்டர் எது என்று தெரிந்தவர்களுக்கு அந்த வாசிப்பு கடினமாக இராது.