கையால் நூற்ற பருத்தி நூலில் பின்னினால் சதுரம் கோணிக்கொள்கிறது, ஏன்?

பெரம்பூர்ப் பின்னல்

வணக்கம். ஸ்வெட்டர் பின்னத் தெரிந்து 20 வருஷம் ஆகிறது. நூற்கத் தெரிந்து (தெரிந்து என்று சொல்லலாமோ என்னவோ) 4 மாதம். பின்னக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி. நான் கண்ணியை (ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை) தவறவிட்டால் குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிக் காட்டுவார்; பிறகு வேண்டுமென்றே மறுபடி கீழே இறக்கிவிட்டு, "இப்ப நீ" என்பார். அந்தக் கோபத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் நம் ஊரில் பின்னல் ஒரு தண்டனை. மே மாதத்தில் உல்லனை மடியில் வைத்து உட்கார்ந்தால் யாரோ கம்பளி போர்த்தி ஆவி பிடிக்க வைத்த மாதிரி இருக்கும். கை வியர்த்து, அக்ரிலிக் நூல் அலுமினிய ஊசியில் கீச் கீச்சென்று ஒட்டும். இத்தனையும் தாண்டி ஒன்றை முடித்தால், "ஊட்டி போறீங்களா?" மார்கழியில் நாலு நாள் விடியற்காலையில் மஃப்ளர் கட்டுகிற ஊர்தானே, கேட்கத்தான் செய்வார்கள்.

அதனால் பருத்திக்கு மாறினேன். மாறியவள் கடை நூலோடு நின்றிருக்கலாம். பழைய பெட்டி ராட்டை ஒன்று கைக்கு வந்தது. காந்தி எரவாடா சிறையில் இருந்தபோது செம்மைப்படுத்திய வகை, மூடினால் சின்னப் பெட்டி. முதல் மாதம் முழுக்க அறுந்த நூலைத்தான் பொறுக்கினேன். அப்புறம் ஒருநாள் பிடிபட்டது. வலது கை சக்கரத்தைச் சுற்றுகிறது, இடது கை விரலிடுக்கில் பஞ்சுத் திரி. கையை மெல்லப் பின்னால் இழுக்க இழுக்க, திரி நுனியில் ஒரு கணம் பஞ்சு அகலமாக விரிந்து, அடுத்த கணம் இழையாக இறுகுகிறது. அந்த நேரத்தில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று யார் எண்ணுவார்கள்? இரண்டு தடவை பருப்பு கூழாகிவிட்டது.

இப்போது பிரச்சினை. அறுந்துவிடுமோ என்ற பயத்தில் முறுக்கை அதிகமாகவே ஏற்றுகிறேன். இரண்டு இழை சேர்த்து முறுக்கி, பாத்திரம் பிடிக்கும் துணிக்காக 40 கண்ணி போட்டுப் பின்னினேன். முன்பக்கம் முழுக்க நேர்கண்ணி (knit). சதுரமாகத் தொடங்கியது காஜு கத்லி வடிவத்தில் முடிந்தது. ஈரத்துணி போட்டு இஸ்திரி போட்டேன், நேரானது. துவைத்தேன், மறுபடி கத்லி. பின்னும்போதும் நூல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு முடிச்சு விழுகிறது. இரண்டாவது, ஃபேன் ஓடினால் திரி பறக்கிறது, நிறுத்தினால் நான் உருகுகிறேன். என்ன செய்வது?

அம்பத்தூர் ரிங்ஃபிரேம்

மில்லில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தவன். உங்கள் வியாதி முறுக்கு, வேறொன்றும் இல்லை. திருப்பூர் பனியனைத் துவைத்தபின் பக்கத்துத் தையல் வயிற்றுப் பக்கம் நகர்ந்து வருகிறதே, அதே கதை. நூலில் அடங்காத முறுக்கு இருந்தால் கண்ணி ஒவ்வொன்றும் ஒரே பக்கம் சாயும். இஸ்திரிக்கு அது கட்டுப்படாது.

ஒன்று கேட்கிறேன், இரண்டு இழையைச் சேர்க்கும்போது சக்கரத்தை எந்தப் பக்கம் சுற்றினீர்கள்? நூற்ற பக்கமே சுற்றியிருந்தால் முறுக்கின் மேல் முறுக்கு ஏறியிருக்கும். எதிர்ப்பக்கம் சுற்றிச் சேர்க்க வேண்டும். ஒன்றை ஒன்று சமன் செய்யும். பார்ப்பது சுலபம். ஒரு முழ நூலை எடுத்து இரு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தொட்டில் மாதிரி சும்மா தொங்கினால் சரி. கயிறாகச் சுருண்டால் இன்னும் முறுக்கு அடங்கவில்லை.

அப்புறம் நூலைச் சிட்டமாக (பெரிய வளையமாக) சுற்றி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, சலவை சோடா போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், பயப்பட வேண்டாம், பஞ்சில் இயற்கையாக இருக்கும் மெழுகும் அழுக்கும்தான். நன்றாக அலசி, அடியில் லேசான எடை கட்டிக் காயப்போடுங்கள்.

பொறுமைக்கு ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டில் 840 கஜச் சிட்டம் எத்தனை என்பது. உங்கள் நூல் 10ஆம் நம்பர் என்று வைத்தால் 50 கிராமில் சுமார் 850 மீட்டர் ஒற்றை இழை. கடையில் விற்கும் நடுத்தரப் பருமனுக்கு வர 8 இழை சேர்க்க வேண்டும். மிஞ்சுவது 105 மீட்டர் சொச்சம். பாத்திரத் துணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தக்ளி பெஞ்சு

அம்மா, எனக்கு 74 வயது. கோவில்பட்டிப் பக்கம், கைத்தொழிலோடு பாடம் சொல்லித்தரும் ஆதாரப் பள்ளியில் படித்தவன். அந்தக் கரிசல் மண்ணின் கருங்கண்ணி ரகப் பஞ்சைத் தக்ளியில் (கையால் சுழற்றி நூற்கும் குச்சியில்) நூற்போம். யார் தக்ளி கீழே விழாமல் அதிக நேரம் சுற்றுகிறது என்று பந்தயம்; வாத்தியார் திரும்பினால் பம்பரமாகவும் ஆகும்.

கருங்கண்ணி இழை குட்டை. குட்டை இழை ஒன்றையொன்று பிடித்து நிற்க அதிக முறுக்கு கேட்கும். நீங்கள் வாங்கிய பஞ்சு எந்த ரகம் என்று கேளுங்கள். 1974ல் கோவையில் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு பருத்தி ரகங்களைக் கலந்து உருவாக்கிய சுவின் மாதிரி நீள இழைப் பஞ்சு கிடைத்தால் குறைந்த முறுக்கிலேயே நிற்கும். அறுந்துவிடும் என்ற பயமும் போகும்.

ஃபேன் விஷயம். நம் ஊர்க் காற்றைத் திட்டாதீர்கள். பருத்தி நூற்க ஈரக்காற்றுதான் வேண்டும். மில்லில் இதற்கென்றே செலவு செய்து அறைக்கு ஈரம் ஏற்றுவார்கள். உங்களுக்கு வங்கக் கடல் இலவசமாகத் தருகிறது. ஏசி அறையில் மட்டும் உட்காராதீர்கள், இழை காய்ந்து சிலும்பி அறும். காலை ஆறு மணிக்கு, ஃபேன் இல்லாமல், அரை மணி நேரம். அவ்வளவுதான். உருகுவதற்குள் எழுந்துவிடலாம்.

வேளச்சேரி வட்ட ஊசி

அக்கா, அந்தக் கத்லி எனக்கும் வந்தது :) நேர்கண்ணி மட்டும் போடாமல் நேர்கண்ணியும் எதிர்கண்ணியும் (purl) மாற்றி மாற்றிப் போடுங்கள், சாய்வு அவ்வளவாகத் தெரியாது. நோயைக் குணப்படுத்தாது, மறைக்கும்.

இன்னொன்று. பருத்திக்கு உல்லன் மாதிரி இழுத்தால் திரும்பிப் போகும் குணம் கிடையாது. 3 மாதம் பின்னிய கார்டிகனைப் பெருமையாக ஹேங்கரில் மாட்டினேன். தன் எடையிலேயே இறங்கி இறங்கி முழங்காலைத் தொட்டுவிட்டது. இப்போது வீட்டில் அதற்கு நைட்டி என்று பெயர். மடித்துத்தான் வைக்க வேண்டும்.

கம்பளியையும் இங்கேயே பிடித்து நூற்கலாம் என்று கனவு கண்டேன். நம் பக்கத்து மெட்ராஸ் ரெட் செம்மறிக்கு இருப்பது முடிதானாம், கம்பளி இல்லையாம். கம்பளிக்கு நீலகிரி ஆட்டையோ கொடைக்கானல் மன்னவனூர்ப் பண்ணை ஆட்டையோதான் தேட வேண்டும். விட்டுவிட்டேன்.

பெரம்பூர்ப் பின்னல்

ரிங்ஃபிரேம் சார், பிடித்துவிட்டீர்கள். இரண்டு தடவையும் ஒரே பக்கம்தான் சுற்றியிருக்கிறேன். மீதி நூலை எதிர்ப்பக்கம் முறுக்கிப் பார்த்தேன், தொட்டில் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கொதிக்க வைத்தேன். மாமியார் மூடியைத் திறந்து, "ரசத்துல ஏன் நூல் கிடக்கு?" என்றார். தக்ளி ஐயா சொன்னபடி ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். பால்காரர் வருவதற்குள் ஒரு கதிர் (ராட்டையில் நூல் சுற்றும் கம்பி) நிறைய நூல், ஒரே ஒரு தடவைதான் அறுந்தது. புதுச் சதுரம் மூன்று மூலையில் சதுரம். நாலாவது மூலை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் சோடாத் தண்ணீரில் வெறுங்கையை விட்டு அலசினேன், இரண்டு நாளாக விரல் நுனி தோல் உரிகிறது. இழுக்கும்போது இழை அதில் மாட்டுகிறது. கையுறை போடு என்று ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?