ஃபார்மலினில் வைத்த தோலில் கொலாஜன் 4 வரவில்லை, எங்கே தப்பு?

மனிதத் தோல், 4 மி.மீ. பஞ்ச் பயாப்ஸி (வட்டக் கத்தியால் எடுத்த துண்டு). தேடுவது கொலாஜன் 4, அடித்தளச் சவ்வில் உள்ள புரதம்; ஆன்டிபாடி போட்டு நிறமேற்றிப் பார்க்கிறேன். ஒரு பாதியை அப்படியே உறையவைத்தேன், மறுபாதி 10% ஃபார்மலின், அப்புறம் பாரஃபின். உறைந்த செக்‌ஷனில் அசிட்டோன் 10 நிமிடம் கொடுத்து ஆன்டிபாடி போட்டால் மேல்தோலுக்கு அடியில் அடித்தளச் சவ்வு கோடு இழுத்தது போல் தெரிகிறது. பாரஃபினில் அதே ஆன்டிபாடிக்கு ஒன்றுமே இல்லை. சிட்ரேட் பஃபரில், பிஹெச் 6, 20 நிமிடம் சூடுபடுத்தியும் பழுப்புப் புகை மாதிரி பின்னணிதான். கெரட்டின் 14 (மேல்தோல் செல்களின் புரதம்) இரண்டிலும் பளிச்சென்று வருகிறது, அதனால் டிஏபி (பழுப்பு நிறம் தரும் பொருள்), இரண்டாம் ஆன்டிபாடி எல்லாம் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆன்டிபாடியின் நீர்ப்பைக் குறைத்து 1:100-இலிருந்து 1:25 வரை போயாயிற்று, காசுதான் கரைகிறது.

பதில்: ஃபார்மலினில் எவ்வளவு நேரம் இருந்தது?

கேட்டவர்: வெள்ளி மாலை போட்டது, திங்கள் காலைதான் எடுத்தேன்.

பதில்: அது ஒரு பங்கு. ஆனால் 24 மணி நேரத்தில் எடுத்திருந்தாலும் கொலாஜன் 4 இதே வம்பைச் செய்திருக்கும். அசிட்டோன் நீரை உறிஞ்சிப் புரதத்தைப் படியவைப்பதோடு சரி, ஃபார்மலினோ புரதங்களைக் குறுக்கே பிணைத்துவிடும், ஆன்டிபாடி உட்கார வேண்டிய இடம் மூடிப்போகும். கெரட்டின் 14-க்கு உங்கள் ஆன்டிபாடி பிடிக்கும் இடம் இதைத் தாங்குகிறது, அவ்வளவுதான். அது வந்ததை வைத்து மற்றதும் வரும் என்று எண்ண வேண்டாம். அடித்தளச் சவ்வுப் புரதங்களுக்குச் சூட்டைவிட நொதிச் செரிப்பு பல நேரம் நன்றாக வேலை செய்யும். பெப்சின், 37 டிகிரி, 5, 10, 20 நிமிடம் என்று மூன்று ஸ்லைடு போட்டுப் பாருங்கள். டெர்மிஸில் (உள்தோலில்) உள்ள ரத்தக் குழாய்களையும் கவனியுங்கள், அவற்றின் சவ்விலும் கொலாஜன் 4 உண்டு. அங்கேயும் வரவில்லை என்றால் கோளாறு தோலில் இல்லை, செரிப்பில்.

இன்னொருவர்: கருத்த தோலா? மெலனினும் பழுப்பு, டிஏபியும் பழுப்பு, ஏமாந்துவிடுவீர்கள். சிவப்பு நிறம் தரும் ஏஇசி வாங்குங்கள், ஆனால் ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும், ஸ்லைடை மூட நீர் சார்ந்த மவுண்டிங் பசைதான் போட வேண்டும். அப்புறம், பெம்ஃபிகாய்டு என்ற கொப்புள நோய்க்கு ஐஜிஜி இம்யூனோஃப்ளோரசன்ஸ் (தோலில் படிந்த ஐஜிஜி ஆன்டிபாடியை ஒளிரும் சாயத்தால் தேடுவது) பார்க்கிற எண்ணம் இருந்தால் அந்தத் துண்டை ஃபார்மலின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், மிஷல் திரவம் (இதற்கென்றே துண்டைப் பாதுகாக்கும் கரைசல்) அல்லது நேரடி உறைவு.

கேட்டவர்: 10 நிமிடத்தில் வந்துவிட்டது! குழாய்கள் முதலில், பிறகு கோடும். 20 நிமிட ஸ்லைடில் மேல்தோல் சல்லடை ஆகிவிட்டது. கருத்த தோல்தான், ஏஇசி கேட்டிருக்கிறேன்.