மலைநடைக்கான கேமரா பை: சொற்கள் வேண்டும், வெள்ளிக்குள்

மலைநடை:

அனைவருக்கும் வணக்கம். மலையேற்றத்துக்கு வசதியான கேமரா பையைத் தேர்ந்தெடுப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் கொண்டுவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, சில சொற்களில்தான் கை நிற்கிறது.

முதலாவது, பையே. 'கேமரா பை' என்று போட்டுவிடலாம்தான். ஆனால் கையேடு மூன்று வகையைப் பிரித்துப் பேசுகிறது: முதுகில் மாட்டும் கேமரா பை, குறுக்காகத் தொங்கும் தோள்பை, அப்புறம் கேமரா இன்சர்ட். இந்த இன்சர்ட் என்பது மெத்தைத் தடுப்புகள் வைத்த பெட்டி, சாதாரண மலையேற்றப் பைக்குள் இறக்கி வைப்பது. அதற்கும் ஒரு பெயர் வேண்டும். பிறகு ஹிப் பெல்ட், அதாவது இடுப்பைச் சுற்றிக் கட்டுவது. பிறகு லோட் லிஃப்டர், அதாவது தோள்வாரின் உச்சியிலிருந்து பையின் மேல்விளிம்புக்குச் சாய்வாக ஏறும் சிறிய வார். கடைசியாக, முதுகுப் பக்கமாகத் திறக்கும் பையை எப்படிச் சொல்வது.

படிக்கப்போகிறவர்கள் பையை மாட்டிக்கொண்டே கையேட்டைப் புரட்டுவார்கள். சொல்லைப் படித்ததும் கை சரியான வாருக்குப் போகவேண்டும். அவ்வளவுதான் என் அளவுகோல்.

ஏடகம்:

முதல் சொல்லுக்கு விடை ஈராயிரம் ஆண்டாகக் காத்திருக்கிறது: கலப்பை.

சிரிக்கவேண்டாம். கலம் + பை = கலப்பை. கருவிகளை வைத்துக் கட்டிய பை. புறநானூறு 206ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் வாயிற்காவலனிடம் கோபித்துக்கொண்டு கிளம்பும்போது, "காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை" என்கிறார். யாழையும் முழவையும் மூட்டை கட்டியாகிவிட்டது, எத்திசைச் செலினும் அங்கே சோறு உண்டு, போய்வருகிறேன் என்று பொருள். கலைஞர், கருவி, பை, நெடுவழி நான்கும் ஒரே பாட்டில் இருக்கின்றன. கேமராவும் கலம்தானே? புதிதாக எதை உருவாக்கப்போகிறீர்கள்?

படக்காரி:

ஐயா, "வசதியான கலப்பையைத் தேர்ந்தெடுப்பது எப்படி" என்று அட்டையில் போட்டால் உழவு மாடும் சேர்த்துக் கேட்பார்கள்.

ஏடகம்:

அந்தக் குழப்பம் பிற்காலத்தில் வந்தது. சங்க இலக்கியத்தில் உழுபடைக்கு நாஞ்சில் என்ற சொல் நன்றாகவே வழங்குகிறது, ஏரும் இருக்கிறது. உழுகருவிக்குக் கலப்பை என்ற பெயர் எப்படி ஒட்டியது என்பது தனி ஆராய்ச்சி. மண்ணைக் கலப்பதால் என்பார் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'கலம்' என்பதற்கே கருவி என்ற பொருள் இருக்க, கலத்தலுக்கு ஏன் போகவேண்டும்?

அது கிடக்கட்டும். மலைபடுகடாத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கூத்தர் கூட்டம் நன்னனிடம் பரிசில் பெற மலைவழியே நடக்கிறது. "திண்வார் விசித்த முழவொடு ஆகுளி" என்று கருவிகளை அடுக்கிக்கொண்டே போய், "கார்க்கோள் பலவின் காய்த்துணர் கடுப்ப, நேர்சீர் சுருக்கிக் காய கலப்பையிர்" என்று முடிகிறது. பலாக்காய்க் குலை போலத் தொங்கும் பைகள். 'நேர்சீர்' என்பதில் சீர் என்றால் கனம். இரு பக்கமும் ஒத்த கனமாகக் கட்டிய பை. நீங்கள் 'வெயிட் பேலன்ஸ்' என்று சொல்வதை இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். வாரும் அங்கேயே இருக்கிறது, திண்வார்.

அதே பாட்டில் பாசி படர்ந்து கால் வழுக்கும் இடங்களைச் சொல்லி, மூங்கில் கோலைப் பிடித்துக்கொண்டு கடந்துபோங்கள் என்று எச்சரிக்கையும் உண்டு. இரண்டு கையும் சும்மா இருக்கவேண்டும் என்ற உங்கள் கையேட்டின் முதல் விதி இதுதான் என்று நினைக்கிறேன்.

படக்காரி:

பாட்டு அருமை. இதை மறுக்கவில்லை. கையேட்டுக்கு முன்னுரையாகவே போடலாம். ஆனால் சொல்லாக வேண்டாம்.

ஒத்த கனம் என்றீர்களே, அது காவடித் தண்டுக்குச் சரி. முதுகுப்பைக்கு இடவலம் மட்டும் ஒத்தால் போதாது. கனமான பொருள் முதுகை ஒட்டியும் நடு உயரத்திலும் இருக்கவேண்டும். பெரிய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா ஒன்று, கனமான ஜூம் லென்ஸ்கள் இரண்டு, இவையே இரண்டரைக் கிலோவை நெருங்கும். அதை முதுகிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் பை பின்னால் இழுக்கும், நடப்பவர் முன்னால் குனிவார், மாலையில் கழுத்து வலிக்கும். கேமராவுக்கென்றே செய்த பைகள் பலவற்றில் கேமரா அறை அடியில் இருக்கிறது, துணிமணி மேலே. எடுக்க வசதி, சுமக்க அவ்வளவு வசதியில்லை. மலையேற்றப் பைக்குள் இன்சர்ட்டை நடுவில் வைத்தால் சுமக்கச் சுகம், எடுப்பதற்குள் பறவை பறந்துவிடும். இந்த இழுபறிதான் கையேட்டின் மையம் என்றால், இரண்டுக்கும் தெளிவாக வேறுபட்ட பெயர் வேண்டும். ஒன்றைக் கலப்பை என்றால் மற்றது என்ன, குட்டிக் கலப்பையா?

வடலி:

ஏடகம் ஐயாவின் அடியில் எனக்குப் பிடித்தது கலப்பை இல்லை, 'காவினெம்'. எங்கள் ஈழத்தமிழில் காவுதல் இன்றும் பேச்சில் இருக்கிறது. குழந்தையைக் காவிக்கொண்டு போனார், மூட்டையைக் காவிக்கொண்டு வந்தார் என்போம். ஆகவே 'காவுபை' என்று வைத்தால் என்ன? இரண்டு அசை, வினைத்தொகை, ஒற்றும் மிகாது.

வரைவு:

காவுபை என்றால் 'காவு கொடுத்தல்' நினைவுக்கு வராதா? எனக்கு முதலில் அதுதான் வந்தது. அடுத்தது, கேமராவை ஏன் விட்டுவிட்டோம்? ஒளிப்படக்கருவி என்று எழுதவேண்டாமா?

வடலி:

நாங்கள் கமரா என்றுதான் எழுதுகிறோம்.

ஏடகம்:

'புகைப்படம்' என்று யாரும் எழுதாதவரை எனக்கு மகிழ்ச்சி. புகைக்கும் படத்துக்கும் என்ன உறவு?

வரைவு:

பழைய நாளில் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்குவார்கள், அந்தப் புகை என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். விளக்கம் சொல்லுக்குப் பின்னால் பிறந்ததோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

கேமரா என்பதே இலத்தீனில் அறை. இருட்டறையைக் குறித்த நீண்ட பெயரிலிருந்து இருட்டைக் கழற்றிவிட்டு அறையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தால் இன்சர்ட் என்பது அறை வைக்கும் அறை.

மலைநடை:

நண்பர்களே, புதன் ஆகிவிட்டது. 'கேமரா' அப்படியே இருக்கும். அதில் நான் இறங்கப்போவதில்லை. ஹிப் பெல்ட்டுக்கு வாருங்கள். 'இடைவார்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

படக்காரி:

ஐயோ, இதை மட்டும் விடாதீர்கள். இடை என்றால் குறுகிய இடம், தொப்புள் மட்டம். அங்கே கட்டினால் வயிறு அமுங்கும், மூச்சு வாங்கும், சுமை தோளிலேயே தங்கிவிடும். அந்தப் பட்டை உட்காரவேண்டியது இடுப்பெலும்பின் மேல்முகட்டில். பட்டையின் நடு அந்த முகட்டின்மேல் வரவேண்டும். அப்போதுதான் சுமையின் பெரும்பகுதி காலுக்கு இறங்கும். பலரும் அதை வயிற்றில் கட்டிக்கொண்டு பை சரியில்லை என்கிறார்கள். பெயரே தவறான இடத்தைக் காட்டினால் பிறகு படம் போட்டும் பயனில்லை.

ஏடகம்:

அப்படியானால் 'அரை'. இடைக்குக் கீழே, எலும்பின்மேல் நிற்பது அரைஞாண். தமிழ்க் குழந்தை ஒவ்வொன்றும் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டும். எனவே அரைவார். அல்லது கம்பீரமாக வேண்டுமானால் அரைக்கச்சை.

வரைவு:

அரைவார் என்றால் பாதி வார் என்று படிப்பார்கள். மாவு அரைவார் என்றுகூட.

மலைநடை:

கச்சை கட்டிக்கொண்டு மலையேறுவது எனக்குப் பிடிக்கிறது. ஆனால் பதிப்பாசிரியர் விடமாட்டார்.

வடலி:

'இடுப்புப் பட்டி' போதும். எல்லோருக்கும் விளங்கும். 'இடுப்பு' அகலமான சொல்தான், ஒத்துக்கொள்கிறேன். எலும்பின்மேல் கட்டுங்கள் என்று முதல்முறை வரும் இடத்தில் ஒரு வரி எழுதிவிடலாம். சொல்லே எல்லா வேலையையும் செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கவேண்டியதில்லை.

ஏடகம்:

சொல் வேலை செய்யாவிட்டால் கலைச்சொல் எதற்கு?

படக்காரி:

வடலியோடு நிற்கிறேன். ஆனால் பட்டி என்றால் பலருக்கு ஆட்டுப்பட்டி. 'இடுப்புப் பட்டை' என்று வைத்துக்கொள்ளலாம். அகலமாக, மெத்தையாக இருப்பது பட்டை. ஒடுக்கமாக இருப்பது வார். இந்தப் பாகுபாட்டைக் கையேடு முழுக்கக் கடைப்பிடித்தால் நல்லது. தோளில் வருவதும் பட்டைதான், மார்புக்குக் குறுக்கே வருவதுதான் வார். மலைநடை முதல் மடலில் 'தோள்வார்' என்று எழுதியதையும் மாற்றவேண்டும்.

மலைநடை:

எடுத்துக்கொண்டேன். இடுப்புப் பட்டை, தோள்பட்டை, நெஞ்சுவார்.

வரைவு:

தோள்பட்டை என்பது உடம்பின் உறுப்பு! "தோள்பட்டையை இறுக்கவும்" என்றால் மருத்துவரிடம் போவார்கள்.

மலைநடை:

சரி, தோளுக்கு மட்டும் தோள்வாராகவே இருக்கட்டும். பாகுபாடு போனது போனதுதான். அடுத்தது லோட் லிஃப்டர்.

வரைவு:

சுமைதூக்கி வார்.

படக்காரி:

அது சுமையைத் தூக்குவதே இல்லை. மூலப்பெயரே கோளாறு. அந்த வாரை இழுத்தால் பையின் மேல்பகுதி முதுகை நோக்கிச் சாயும், பின்னிழுப்பு குறையும். தோளிலிருந்து ஏறத்தாழ 45 பாகையில் மேல்நோக்கிப் போகவேண்டும். கிடையாகப் போனால் பையின் முதுகளவு உங்களுக்குச் சிறியது என்று பொருள். ஆளின் உயரத்தைப் பார்த்துப் பை வாங்கக்கூடாது. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பு முகடுகளை இணைக்கும் கோடு வரை அளக்கவேண்டும். ஒரே உயரமுள்ள இருவருக்கு இந்த அளவு வேறாக இருக்கலாம். சிறிய கேமரா பைகளில் இந்த வார் இருக்காது, பையைத் தாங்கும் உள்சட்டம் தோளுக்குமேல் உயர்ந்தால்தான் அதற்கு வேலை.

ஏடகம்:

பையை உடம்போடு அணைப்பது. ஆகவே 'அணைவார்'. தோளின் மேற்புறத்துக்குச் சுவல் என்று பெயர் உண்டு, 'சுவல்வார்' என்றும் சொல்லலாம். என் வாக்கு அணைவாருக்கு.

வரைவு:

அணைவார் யார்? அவர் எப்போது வருவார்?

(வார் என்று முடியும் எதை வைத்தாலும் இந்தத் தொல்லை வரும். இழுவார், தொடுவார், விடுவார். தமிழில் மரியாதை அதிகம்.)

வடலி:

'அணைப்பு வார்' என்று இடைவெளி விட்டு எழுதினால் அவர் வரமாட்டார்.

படக்காரி:

அணைப்பு வார் நன்றாக இருக்கிறது. என்ன செய்கிறது என்பதையும் சொல்கிறது, மூலத்தைவிடவே மேல்.

மலைநடை:

இது முடிந்தது. யாரும் தொடவேண்டாம். முதுகுப் பக்கத் திறப்புக்கு 'முதுகுத் திறப்பு' என்று எழுதுகிறேன், ஆட்சேபம் உண்டா? பையைக் கீழே கிடத்தும்போது வெளிப்புறம் சேற்றிலும், முதுகில் படும் பக்கம் மேலேயும் இருக்கும், அதனால் உடம்பில் அழுக்கு ஒட்டாது. சிலவற்றில் தோள்வாரை மட்டும் கழற்றி, இடுப்புப் பட்டையோடு பையை முன்னால் சுழற்றி நின்றபடியே திறக்கலாம். இதெல்லாம் விளக்கத்தில் வந்துவிடுகிறது.

வரைவு:

முதுகுத் திறப்பு அறுவைச் சிகிச்சை போல ஒலிக்கிறது. 'முதுகுவழித் திறப்பு'?

படக்காரி:

சரி. மழையுறை பற்றி எழுதும்போது அது முதுகுப் பக்கத்தை மூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள். முதுகில் வழியும் தண்ணீர் அந்தத் திறப்பின் ஜிப் வழியாகத்தான் உள்ளே போகும். உள்ளே ஒரு நீர்புகாப் பையும் வேண்டும்.

மலைநடை:

இனி இன்சர்ட். வியாழன் இரவு.

ஏடகம்:

உள்ளுறை. இலக்கணம் படித்தவருக்கு உள்ளுறை உவமமும் நினைவுக்கு வரும், அது தனி இன்பம்.

வடலி:

உள்ளுறை என்றால் தலையணையின் உள்துணி போல மெல்லியதாகத் தெரிகிறது. இது விறைப்பான பெட்டி. 'உட்கூடு' என்பேன்.

வரைவு:

உட்பெட்டி. இல்லாவிட்டால் இன்சர்ட் என்றே விடுங்கள். "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று தொல்காப்பியமே விட்டுவிட்டது. காலத்தோடு வழக்கில் வந்துவிட்டால் எந்தச் சொல்லையும் விலக்கவேண்டாம் என்று பொருள்.

ஏடகம்:

காலத்துப் படவேண்டும் அல்லவா? இன்சர்ட் எந்தக் காலத்தில் யார் வாயில் பட்டது? அந்த நூற்பாவைக் கையில் எடுக்கிறவர்கள் எல்லோரும் சோம்பலுக்குச் சான்றிதழாகவே அதைக் காட்டுகிறார்கள்.

வரைவு:

கலப்பை பட்டதா? பட்டது, உழவுக்கு.

படக்காரி:

இருவரும் கொஞ்சம் ஆறுங்கள். உட்கூடு. உள்ளே அறைகள் இருப்பதும் தெரிகிறது, வெளியே எடுத்துவிடலாம் என்பதும் தெரிகிறது. என் வாக்கு அதற்கு.

வரைவு:

எனக்கு அலுத்துவிட்டது. உட்கூடே இருக்கட்டும்.

மலைநடை:

அனுப்பிவிட்டேன். கேமரா முதுகுப்பை, கேமரா தோள்பை, உட்கூடு, இடுப்புப் பட்டை, அணைப்பு வார், நெஞ்சுவார், முதுகுவழித் திறப்பு. எல்லோருக்கும் நன்றி. ஏடகம் ஐயா, மலைபடுகடாம் அடிகள் முன்னுரையில் இடம்பெறுகின்றன.

ஏடகம்:

முன்னுரையில் வைத்து வழியனுப்புவது பழைய தந்திரம். என் சொல்தொகுப்பில் 'கலப்பை (2): கேமரா முதலிய கருவிகளை இட்டுச் சுமக்கும் பை' என்ற பதிவு நீங்காது. பெரும்பான்மை வேறு, சரி வேறு.

வடலி:

பிழைதிருத்தப் படியை இப்போதுதான் பார்த்தேன். நெஞ்சுவாரின் கொக்கியில் விசில் வைத்திருப்பார்கள் என்ற இடத்தில் 'ஊதல்' என்று இருக்கிறது. நாங்கள் ஊதல் என்றால் குளிர்காற்று என்று எடுத்துக்கொள்வோம். இன்னும் மாற்றலாமா?

ஏடகம்:

சீழ்க்கை.

வரைவு:

சீழ்க்கை வாயால் அடிப்பது. இது கருவி. வேறு வேண்டும்.