ஃபோர்ட் கியோ: படைமுகாம் மாட்டு ஆராய்ச்சி நிலையமான வரலாறு

மேய்ச்சல்நிலம் (கேள்வி):
அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் மைல்ஸ் சிட்டி நகரை ஒட்டியுள்ள ஃபோர்ட் கியோ கால்நடை ஆராய்ச்சி நிலையம் முதலில் படைமுகாமாக இருந்தது என்று அறிகிறேன். அது எவ்வாறு மாறியது? இறைச்சிக்காக மாடு வளர்க்கும் பண்ணையாளர்களுக்கு அதனால் உண்மையிலேயே பயன் விளைந்ததா?

செவலைக்காளை:
1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்கப் படை அதிகாரி கஸ்டரின் படை அழிந்ததும், லகோட்டா, செயென் பழங்குடி மக்களை ஒடுக்குவதற்காக யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் அமைக்கப்பட்ட முகாம் அது. அப்போரில் மாண்ட கேப்டன் மைல்ஸ் கியோவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. பின்னாளில் படைக்குக் குதிரை வழங்கும் நிலையமாக இருந்து, 1924-இல் வேளாண் துறையின் கைக்கு வந்தது. பரப்பு ஏறத்தாழ 55,000 ஏக்கர். பெரும்பகுதி இயற்கையான புல்வெளி.

பயனைப் பற்றிச் சொல்வதென்றால், 1934-இல் தொடங்கிய ‘லைன் 1’ (முதல் வழி) என்ற ஹியர்ஃபோர்டு இன இறைச்சி மாட்டு மந்தையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அட்வான்ஸ் டொமினோ என்ற காளையின் வழியில் வந்த, ஒரே தந்தைக்குப் பிறந்த இரண்டு பொலிகாளைகளைக் கொண்டு தொடங்கிய அம்மந்தையில், பிறகு வெளி இரத்தம் சேர்க்கப்படவில்லை. கண்காட்சி நடுவர்கள் உருவத்தைப் பார்த்துப் பரிசளித்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே கன்றுகளைத் தராசில் நிறுத்தி, எது வேகமாக எடை கூடுகிறதென்று பதிவேட்டில் குறித்துவந்தார்கள். குட்டையான, கட்டுடலான மாடே அழகு என்ற மோகத்தால் 1950-களில் பல ஹியர்ஃபோர்டு மந்தைகளில் குள்ளக் கன்றுகள் பிறந்தபோது, பண்ணையாளர்களுக்குத் தராசின் அருமை புரிந்தது.

வரகுக்கொல்லை:
நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்தால் மந்தை நலிந்துபோகாதா?

செவலைக்காளை:
நலியும். வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் கண்ட வெற்றியைப் பின்பற்றி, உறவுக்குள்ளேயே பெருக்கிய தனித்தனி வழிகளை (மரபுவரிசைகளை) உருவாக்கிப் பின்னர் அவற்றைக் கலப்பதே அக்காலத்தின் நோக்கம். உருவாக்கிய வழிகளில் பல கைவிடப்பட்டன. லைன் 1 நிலைத்தது. பொருளாதாரப் பயன் தரும் குணங்களைத் தேர்ந்தெடுத்ததும் அதற்குக் காரணம் என்பது என் கருத்து.

புல்லாங்காடு:
ஒன்றைச் சேர்க்கிறேன். உறவுக்குள் பெருக்கியதால் மரபணு வேறுபாடு குறைந்திருந்த அம்மந்தையின் டொமினெட் என்ற பசுவே, 2009-இல் வெளியான மாட்டு மரபணுத் தொகுதி வரிசைக்கு (மாட்டின் டி.என்.ஏ முழுவதையும் படித்த பதிவுக்கு) அடிப்படையாக அமைந்தது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற மரபணுப் பிரதிகள் பெரிதும் ஒத்திருந்ததால், துண்டுதுண்டாகப் படித்த டி.என்.ஏவைக் கோர்ப்பது எளிதாயிற்று. ஆயினும் மழை குறைந்த அவ்வட்டாரத்துப் பண்ணையாளருக்கு, வறட்சிக்கும் புல்வெளித் தீக்கும் பின் மாடுகளை எப்போது மீண்டும் மேய விடலாம் என்று அந்நிலையம் ஆராய்ந்து சொல்வதே அன்றாடப் பயன்.