மண்டையோட்டின் அடியில் ஒரு கூடுதல் துளை, இது என்ன?

மதுரை, முதலாண்டு எம்பிபிஎஸ். அடுத்த வாரம் எலும்பு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. சீனியர் கொடுத்த மண்டையோட்டில், பிளாஸ்டிக் இல்லை, நிஜ எலும்பு, அடிப்பகுதியில் இருக்கும் ஸ்பீனாய்டு எலும்பின் பெரிய இறக்கையில் ஒரு சின்னத் துளை கூடுதலாக இருக்கிறது. இடது பக்கம் மட்டும். அதே இறக்கையில் எல்லோருக்கும் இருக்கும் நீள்வட்டத் துளையான ஃபொரேமன் ஓவேலுக்கு முன்னால், சற்று உள்பக்கமாக, குண்டூசி நுழையும் அளவு. ஓரம் வழவழப்பாக இருப்பதால் உடைசலாகத் தோன்றவில்லை.

மெல்லிய கம்பி விட்டுப் பார்த்தேன், நேராக நடு மண்டைக்குழிக்குள் வருகிறது, அதனால் இது அதே எலும்பில் முன்பின்னாக ஓடும் டெரிகாய்டு கால்வாய் இல்லை. ஸ்பைனோசம் என்கிற சிறு துளை ஓவேலுக்குப் பின்னால் வெளிப்பக்கம் அதன் இடத்திலேயே தனியாக இருக்கிறது. ரொட்டண்டம் என்கிற வட்டத் துளை அடியிலிருந்து தெரியவே தெரியாது, அதனால் இது அதுவும் கிடையாது. பாடநூல் படத்தில் இப்படி ஒன்று இல்லை, நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சிலருக்கு மட்டும் இருக்கிற, சிறு சிரை போகும் வெசேலியஸ் துளை என்றுதான் எனக்குப் படுகிறது.

அனாட்டமி தெரிந்த அண்ணன், அக்காக்களே, இது வெசேலியஸ் துளைதானா?